அந்த ஏழு நாள்களைத் திருப்பித் தாருங்கள்

மாணவர் பரிமாற்றத் திட்ட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நம் மாணவர்கள் ஜப்பானியக் குடும்பங்களோடு ஒரு வாரம் தங்கிவந்த ஏற்பாடு, இவ்வாண்டு நான்கு மணி நேர ‘இல்ல வருகை’யாகச் சுருங்கியதற்குச் செலவையும் பாதுகாப்பையும் காரணமாகத் தங்கள் சுற்றறிக்கை சொல்வதைப் படித்தேன். அந்த ஏழு நாள்களைத் திரும்பத் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இம்முறை மொழிபெயர்ப்பாளனாக உடன் சென்றேன். நாகானோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், மாணவனாக நான் தங்கியிருந்த அதே வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போனேன். நேர மாற்றத்தை அந்த வீட்டு அம்மையாருக்கு யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. மாடியில் தத்தாமி பாய் விரித்த அறையில், வெயிலில் காயவைத்துத் தட்டி எடுத்த இரண்டு ஃபுத்தோன் மெத்தைகள், துவைத்த உறை மாட்டித் தயாராக இருந்தன. மாலை நான்கு மணிக்குப் பேருந்து வந்து நின்றபோது, “இரவு தங்கவில்லையா?” என்று அவர் என்னிடம் கேட்டார். தங்கள் சுற்றறிக்கையின் காரணங்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவரோ, நாங்கள் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் நான் கற்றவை எதுவும் நான்கு மணி நேரத்தில் வந்தவை அல்ல. சைவ உணவு மட்டுமே உண்ணும் நான், மாணவனாகத் தங்கிய முதல் நாள், புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பைத் தொடாமல் வைத்துவிட்டேன். அதில் ஊறியிருந்தது உலர்ந்த மீன் சீவலின் சாறு. கூச்சத்தில் நானும் சொல்லவில்லை, மரியாதை கருதி அவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள்தான் இருவரும் அகராதியைப் புரட்டிப் பேசிக்கொண்டோம். நான்காம் நாள் காலை, கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த ஷீத்தாகே காளானும் இரவெல்லாம் ஊறிய நீரில் எனக்கென்று தனியாக ஒரு சூப் வந்தது. வெளியே போய்த் திரும்பும்போது ‘தடைமா’ (இதோ வந்துவிட்டேன்) என்று சொல்ல வேண்டும், உள்ளிருந்து ‘ஒகாயெரி’ (வா, வா) என்று பதில் வரும் என்பதும் அந்த வீட்டில் பழகியதே.

அணுகுண்டு விழுந்த பத்தே ஆண்டுகளில், 1955-இல், நாகசாகி நகரம் அமெரிக்காவின் செயிண்ட் பால் நகரத்தோடு சகோதர நகர உறவு பூண்டது. பகை நாடாக இருந்த நாட்டோடே அப்படி உறவாட முடிந்த மக்களிடம், நம் பிள்ளைகளை ஒரு வாரம் ஒப்படைக்கத் தாங்கள் தயங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது.

செலவும் பாதுகாப்பும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொழிற்சாலைக்கும் கோபுரங்களுக்கும் மூன்று முழு நாள்களை ஒதுக்கிய அட்டவணையில், ஒரு வீட்டுக்கு ஓர் இரவுகூட இல்லாமல் போனது எப்படி? உலக நேயம் என்று அறிக்கையின் அட்டையில் அச்சிடுகிறோம். அது விளையும் சமையலறையிலிருந்து பிள்ளைகளை நான்கு மணிக்கே கிளப்பிவிடுகிறோம். கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள்க.

அடுத்த ஆண்டுக்கான அட்டவணையைத் தாங்கள் இறுதி செய்யுமுன் அந்த ஏழு நாள்களை மீண்டும் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களின் உணவுப் பழக்கத்தை அந்தந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பும் பொறுப்பை ஊதியமின்றி நானே ஏற்கிறேன். அதோடு, அந்த அம்மையாருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு மன்னிப்புக் கடிதம் போக வேண்டும். அதை ஜப்பானிய மொழியில் எழுதித் தரவும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் திட்டத்தின் முன்னாள் மாணவன்