உறைக்குழியா, செப்டிக் டேங்கா? நோட்டீஸுக்கு விளக்கம் கேட்டு மனு

அனுப்புநர்:
மூன்றாம் குறுக்குத் தெரு குடியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வீட்டுக் கழிவுநீர் நோட்டீஸ் – விதிகளை விளக்கவும் கால அவகாசம் தரவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் 22 வீடுகள். பாதாள சாக்கடை இன்னும் வரவில்லை. சென்ற வாரம் எல்லா வீட்டு கேட்டிலும் ஒரே நோட்டீஸ் ஒட்டிப் போனார்கள். "முறையற்ற கழிவுநீர் அமைப்பை" 15 நாளில் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் நடவடிக்கை. எது முறையற்றது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நேரில் போய்க் கேட்டால் ஒருவர் தொட்டி என்கிறார், அடுத்த மேசைக்காரர் குழாய் என்கிறார்.

மனு எழுதும் என் வீட்டையே சொல்கிறேன். 18 வருடம் முன்பு கொத்தனார் எட்டு சிமெண்ட் உறை இறக்கி, அடியை மண்ணாகவே விட்டு, மேலே சிலாப் போட்டு மூடினார். அந்த உறைக்குழியைத்தான் நாங்கள் செப்டிக் டேங்க் என்கிறோம். வரைபடத்திலும் அப்படியே எழுதியிருக்கிறது. இதுவரை ஒரு தடவைகூட கசடு எடுக்க லாரி கூப்பிட்டதில்லை என்று பெருமை வேறு. நோட்டீஸ் வந்த பிறகுதான் செப்டிக் டேங்குக்கான ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதியைத் தேடிப் படித்தேன். செப்டிக் டேங்க் என்றால் தரையும் சுவரும் நீர் கசியாமல் இருக்க வேண்டும். கசடு அடியில் தங்க, மேல்நீர் மட்டும், அதை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். அந்தக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். டேப் பிடித்து அளந்தேன். என் கிணறு 7 மீட்டரில் இருக்கிறது. குழி ஏன் நிரம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது: கழிவுநீர் அடிமண் வழியே கசிந்து போய்க்கொண்டிருக்கிறது.

எதிர்வீட்டில் கதை வேறு. தொட்டியைத் தரை பூசி ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் 2 சென்ட் மனையில் உறிஞ்சு குழிக்கு இடமில்லாமல், வழியும் நீரைத் தெருக் கால்வாயில் விட்டிருக்கிறார்கள். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அந்த நீரில் கிருமி நிறையவே இருக்கும். எனக்குத் தொட்டியே தப்பு, அவர்களுக்குக் குழாய் தப்பு. இருவருக்கும் ஒரே தாள். குளியலறை நீரை வாழைக்கு விடுகிற மூலைவீட்டு அம்மாவுக்கும் அதே தாள்தான். அவர் செய்வதும் குற்றமா என்று தெரியாமல் வாழையை வெட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

ஆகவே, பொறியாளர் ஒருவரை ஒரு நாள் எங்கள் தெருவுக்கு அனுப்பி, ஒவ்வொரு வீட்டிலும் மூடியைத் திறந்து பார்த்து, எதை மாற்ற வேண்டும் என்று தமிழில் எழுதித் தரச் செய்யுங்கள். 2 சென்ட் மனையில் 18 மீட்டருக்கு எங்கே போவது? நாலைந்து வீடு சேர்ந்து பொதுத் தொட்டி கட்ட அனுமதி உண்டா என்பதையும் அவரே சொல்லட்டும்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும் என்கிறார்கள். எடுக்கத் தயார். உரிமம் பெற்ற லாரிகளின் பட்டியலையும் கட்டணத்தையும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். போன மாதம் பக்கத்துத் தெருவுக்கு வந்த லாரிக்காரர், "உள்ளே ஆள் இறங்கினால்தான் அடிக்கசடு வரும், தனிக்காசு" என்றார். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம்.

பொறியாளர் வந்து பார்க்கும்வரை நோட்டீஸின் மேல் நடவடிக்கையை நிறுத்தி வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். கெடுவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் குறுக்குத் தெரு குடியிருப்போர்

இணைப்பு: நோட்டீஸ் நகல், 22 வீட்டாரின் கையொப்பம்