இரண்டு கிலோமீட்டருக்கு இத்தனை பேரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடமாநில ரயில்கள் பெரும்பாலும் சென்னை சென்ட்ரலில் நின்றுவிடுகின்றன. மதுரை, திருநெல்வேலி செல்பவர்கள் எழும்பூருக்குப் போயாக வேண்டும். தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். பகலில் கவலையில்லை, மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே எழும்பூர், எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயிலும் உண்டு.

மெட்ரோ ஓய்ந்த பிறகுதான் வேடிக்கை. சென்ற மாதம் பின்னிரவு மூன்று மணிக்கு, முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் பெட்டிகளோடும் வாசலுக்கு வந்தேன். டாக்சிக்காரர் எடுத்த எடுப்பிலேயே நானூறு ரூபாய் கேட்டார். செயலியில் பதிவு செய்த வண்டியின் ஓட்டுநரோ, “எழும்பூர்தானா?” என்று சலித்துக்கொண்டு சவாரியையே ரத்து செய்துவிட்டார்.

2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். இரவில் ஒன்றரை மடங்கு. இன்றைய எரிபொருள் விலையில் அதற்கு வண்டி ஓட்டச் சொல்வது அநியாயம்தான். அதற்காக வாய்க்கு வந்ததெல்லாம் கட்டணமாகிவிடுமா? இரு நிலையங்களுக்கும் இடையே கட்டுப்படியாகும் ஒரே கட்டணத்தை நிர்ணயித்து, வாசலிலேயே பெரிய எழுத்தில் பலகை வைக்கட்டும். பின்னிரவில் ஒரு மினி பஸ் விட்டாலும் புண்ணியமாகப் போகும்.

– ஒரு வாசகர், விருதுநகர்