பாப்பாவுக்கு, அந்தச் சின்னப் பையனைப் பத்தி

பாப்பா,

நீ அனுப்புன போட்டோ எல்லாத்தையும் நேத்து ராத்திரி நானும் அம்மாவும் ஒண்ணொண்ணா பாத்தோம், அம்மா ரெண்டு தடவ அழுதுட்டா. உங்க குரூப் பசங்க சுவருக்கு பெயின்ட் அடிக்கறது, பிள்ளைங்களுக்கு பாட்டு சொல்லித் தர்றது எல்லாம் பாத்தப்ப அவ்ளோ பெருமையா இருந்துச்சு, லீவுல தூங்கிட்டு இருக்காம கடல் தாண்டி ஒரு குழந்தைங்க இல்லத்துக்குப் போயி யாரோ பெத்த பிள்ளைங்களுக்காக பத்து நாள் உழைச்சிருக்கீங்க. இத முதல்ல சொல்லிடறேன், இதுக்கு மேல எழுதறதப் படிச்சு அப்பா குறை சொல்றார்னு நெனச்சுடாத.

அந்த நாலு வயசுப் பையன் நீ வேன்ல இருந்து எறங்கின உடனே ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கிட்டான், பத்து நாளும் இடுப்ப விட்டு எறங்கல, கெளம்பும்போது கதறிட்டான்னு எழுதியிருந்தியே, அதப் படிச்சதுல இருந்து மனசு ஒரு நிலைல இல்ல.

உனக்கு ரெண்டரை வயசுல நான் வேலைக்காக எட்டு மாசம் வெளியூர்ல இருந்துட்டு திரும்பி வந்தேன். வாசல்ல நின்னு கைய நீட்டுனா நீ வரல. அம்மா காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு ஒரு கண்ணால எட்டிப் பாத்த. பெத்த அப்பன்கிட்ட வர உனக்கு நாலு நாள் ஆச்சு, அன்னிக்கு ரொம்ப வலிச்சுது. இப்ப யோசிச்சா, ஒளிஞ்சுக்க உனக்கு ஒரு கால் இருந்துச்சு மா. இந்த மாதிரி இல்லத்துல வளர்ற குழந்தைங்க யார் வந்தாலும் போயி ஒட்டிக்கறது வெறும் பாசம் இல்ல, தனக்குன்னு ஒரு ஆள் நிலையா இல்லாததால வர்றதுன்னு குழந்தை மனநல டாக்டருங்க ரொம்ப காலமா சொல்றாங்க. ஜான் பவுல்பிங்கற குழந்தை மனநல டாக்டர் 1951-லயே உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதின அறிக்கைல, சின்னக் குழந்தைக்கு அம்மா மாதிரி மாறாத ஒரு ஆள் வேணும்னு சொல்லியிருக்கார். நீ அங்கிருந்து திரும்பி வந்தப்புறம் அடுத்த குரூப் போயிருக்கும், அவங்க கழுத்தையும் கட்டியிருப்பான், அவங்களும் பத்து நாள்ல கெளம்பியிருப்பாங்க. எத்தன தடவதான் தாங்குவான்?

இன்னொண்ணும் இருக்கு. இல்லத்துல இருந்தா அநாதைன்னு நாமளா முடிவு பண்ணிடறோம். கம்போடியாவுல 2011-ல யுனிசெஃப் உதவியோட ஒரு ஆய்வு வந்துச்சு, இல்லங்கள்ல இருந்த பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தாங்க. இங்க இருந்தா படிக்க வைப்பாங்கன்னு நம்பி விட்டுட்டுப் போறாங்க. வர்ற வெளிநாட்டுக்காரங்க குடுக்கற காசுக்காகவே பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து வைக்கற இடமும் உண்டு, 2019-ல ஐநா பொதுச்சபை தீர்மானத்துலயே இந்த மாதிரி வாலன்டியர் பயணங்களால வர்ற கெடுதல தடுக்கணும்னு சேத்தாங்க. நீங்க போன இடம் அப்படின்னு சொல்ல வரல, ஆனா கேக்காம இருக்கக் கூடாது. அடுத்த தடவ குரூப் மீட்டிங்ல நீயே எழுந்து கேளு, இந்தப் பிள்ளைங்களோட அம்மா அப்பா வந்து பாக்க முடியுதா, வீட்டுக்கே திருப்பி அனுப்ப முயற்சி நடக்குதா, கூடவே இருந்து பாத்துக்கற அக்காங்களுக்கு சம்பளம் ஒழுங்கா போகுதான்னு. அந்த அக்காங்க மாறாம இருந்தாலே அவனுக்குப் பெரிய விஷயம், நம்ம பிளைட் டிக்கெட் காசு அதுக்குப் போயிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

அவன் மூஞ்சி தெரியற போட்டோவ இன்ஸ்டால இருந்து எடுத்துடு மா. உன் சின்ன வயசு போட்டோவ யாராவது கேக்காம போட்டிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா.

அப்புறம் நெஜத்தச் சொல்லு, கெளம்பும்போது திரும்பி வரேன்னு அவன்கிட்ட சொன்னியா? சொல்லியிருந்தா அப்படியே விட்டுடாத, போக முடியலன்னா அந்த அக்கா மூலமா நீயே அவனுக்குப் புரியற மாதிரி சொல்லிடு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னா ராத்திரி போன் பண்ணு, அம்மாவும் நானும் முழிச்சுத்தான் இருப்போம்.

அப்பா