நிற்காத புல்லுக்கு ஐந்தாவது கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: மாடல் ரயில் காட்சியில் நிலைமின்சாரத்தால் புல் நாரை நிறுத்தும் கருவி ஒன்று, எச்.ஓ. (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அளவு ஜல்லி இரண்டு பை – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் எழுதிய நான்கு மின்னஞ்சல்களையும் மரியாதையாகத்தான் எழுதினேன். இதையும் அப்படியே எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

பில், மூன்று டிக்கெட் எண்கள், பதினொரு வீடியோ எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. பார்சல் வந்தது மார்ச் 4. இன்று ஜூலை 28. கருவியில் பச்சை விளக்கு எரிகிறது. கிளிப்பை மாட்டி, நாரைப் போட்டு, பசைக்கு ஒரு அங்குலம் மேலே பிடித்து ஆட்டினால் நார் விழுகிறது, நிற்கவில்லை. மாவு சலித்தால் எப்படி விழுமோ அப்படி விழுந்து படுத்துக்கொள்கிறது. புது 9 வோல்ட் பேட்டரி மூன்று மாற்றிப் பார்த்துவிட்டேன். உங்கள் பொருள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதனால் அதை விளக்கவில்லை.

ஆனால் ஏப்ரல் 17 அன்று போனை எடுத்த தம்பிக்கு விளக்கினேன். நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்துவிட்டு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “சார், பொம்மை ரயிலுக்குப் புல்லு. அது நின்னா என்ன, படுத்தா என்ன?” பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று உங்கள் பெண் குரல் ஒவ்வொரு முறையும் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒரு முறை கேளுங்கள்.

நான் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுப்பவன். அரை மில்லிமீட்டர் பிசகினால் வார்ப்பு முழுவதும் ரிஜெக்ட் ஆகும் தொழில். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், எட்டடிக்கு இரண்டரையடி பலகையில் நீலகிரி மலை ரயிலின் ஹில்குரோவ் ஸ்டேஷனைச் செய்துகொண்டிருக்கிறேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில், எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் இடம். அப்பா அந்தப் பகுதியில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தார். ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு சரிவு உண்டு. பிப்ரவரியில் அங்கே புல் காய்ந்து வைக்கோல் நிறமாகி, முழங்கால் உயரத்துக்குப் பாதைப் பக்கம் சாய்ந்து நிற்கும். 87-ல் ஒரு பங்கு அளவில் முழங்கால் உயரம் என்றால் 6 மில்லிமீட்டர் நார். கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அந்தச் சரிவைப் பற்றி உங்கள் டெக்னிக்கல் டீம் எழுதிய பதில் இது: “சரிவான பரப்பில் பயன்படுத்துவதைத் தவிர்த்து, தளத்தைச் சமமாக அமைத்துக்கொள்ளவும்.” பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதை ஐயா அது. சமமாக இருந்திருந்தால் 1899-லேயே தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம் போட்டிருப்பார்களா? அடுத்த மெயிலில் “உங்கள் ஊர் ஈரக் காற்று காரணமாக இருக்கலாம்” என்றார்கள். காற்றில் ஈரம் அதிகமானால் நார் ஒட்டிக்கொண்டு கட்டியாகும், அது எனக்கும் தெரியும். மார்ச் மாதம் கோயம்புத்தூரில் துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது.

பசை சரியில்லை என்றும் ஒரு பதில் வந்தது. சரி, அதையும் சோதித்தேன். திருப்பூர் நண்பர் ஒருவர் பழைய கொசு பேட்டையும் டீ வடிகட்டியையும் வைத்துத் தானே ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார். அதை வாங்கி வந்து, அதே பசை, அதே நார், அதே சரிவில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஒவ்வொரு நாரும் கையில் மயிர் சிலிர்த்த மாதிரி எழுந்து நின்றது. அந்த வீடியோவையும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “உங்கள் அழகிய காட்சியைப் பகிர்ந்ததற்கு நன்றி! தொடர்ந்து உருவாக்குங்கள்!” கூடவே ஒரு பூ. என் 7,450 ரூபாய்க்கு ஐந்து மாதத்தில் கிடைத்தது அந்தப் பூதான்.

ஜல்லிக்கு வருகிறேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுப்போயிற்று. பையில் எச்.ஓ. என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது மூன்று மில்லிமீட்டர் கல். பெருக்கிப் பாருங்கள், பத்து அங்குலம். நிஜப் பாதையில் போடும் ஜல்லியில் பெரும்பாலானது 65 மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்துவிடும். உங்கள் கல்லைப் போட்டால் தண்டவாளத்துக்கு நடுவில் அம்மிக்கல்லைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது. உங்களுக்கு அனுப்புவதற்காக ஒரு சாண் நீளத்துக்குப் பரப்பி, பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் கேங்மேன் பொம்மையை நிறுத்திப் படம் எடுத்தேன். போனில் அதை அம்மா பார்த்துவிட்டார். அவருக்கு 81 வயது, பதினாறு வருடம் கேங் குவார்ட்டர்ஸில் இருந்தவர். “ஏண்டா, இவ்வளவு பெரிய கல்லைப் போட்டா கட்டைக்கு அடியில எப்படிடா அடிச்சு ஏத்துவாங்க? உங்கப்பாவை இன்ஸ்பெக்டர் வேலையை விட்டே தூக்கியிருப்பாரு” என்றார். கண்புரை ஆபரேஷன் இன்னும் ஆகாத கண். உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எத்தனை கண்கள் இருக்கின்றன?

இப்போது சென்னை கிண்டியில் இருக்கும் உங்கள் இடம். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. மே மாதம் உங்கள் ஆள் ஒருவர், “நேரில் கொண்டு வந்தால் அன்றே மாற்றித் தருவோம், வேலை நாளில் பத்திலிருந்து ஐந்து” என்றார். ஒரு நாள் வேலையை விட்டேன். கருவியையும், அரையடிச் சோதனைப் பலகையையும் துணியில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து, நசுங்கிவிடக் கூடாதென்று சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். காலையில் கேட்டில் இருந்த செக்யூரிட்டி கூடையை எட்டிப் பார்த்து, “கொசு பேட்டா சார்?” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அன்று எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தவர் அவர் ஒருவர்தான். இரண்டேகால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒருவர் வந்து, நின்றபடியே, “இது குடோன் சார், இங்கே வாங்க மாட்டோம், ஆப்ல ரிட்டர்ன் போடுங்க” என்றார். ஆப்பில் ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது என்று காட்டினேன். “அப்போ ஒண்ணும் பண்ண முடியாது.” திறந்து பார்க்கவில்லை. கூடையைத் தொடக்கூட இல்லை. போகவர ஆயிரம் கிலோமீட்டர்.

இதனால் எனக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. எட்டு மாத உழைப்பு மண்ணாகிவிட்டது. படுத்த புல் பசையோடு காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டினால் அடியில் பூசிய மண், நிறம், பாறை வெடிப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்த ஒன்றரையடிச் சரிவு போயிற்று. எங்களைப் போன்ற பதினான்கு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு ஆளுக்கு ஒரு படம் போடுவோம். போனைத் தலைகீழாகத் திருப்பி, கேமரா கண் தண்டவாள மட்டத்துக்கு வருகிற மாதிரி வைத்து, டார்ச்சைச் சாய்த்துச் சாயங்கால வெயில் கொண்டு வந்து எடுப்போம். நிஜமா, செய்ததா என்று பார்ப்பவர் குழம்ப வேண்டும், அதுதான் விளையாட்டு. ஏப்ரலில் என் படத்தைப் போட்டேன். முதல் பதில்: “களத்துல வைக்கோல் காயுதுங்களா?” அன்றிலிருந்து குழுவில் என் பெயரே வைக்கோல்காரர்.

எங்களுக்குள் எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டுத்தான் வாங்குவோம். இதுவரை உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. உங்களிடம் முன்பு வாங்கிய மரங்களும் தூள் நிறங்களும் நன்றாகவே இருந்தன, அதை மறுக்க மாட்டேன். அதனால்தான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் கணக்கு: கருவி 7,450, ஜல்லி 960, கிண்டிக்குப் போய் வந்த செலவும் ஒரு நாள் கூலியும் சேர்த்து 2,600. மொத்தம் 11,010 ரூபாய். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்கச் சொல்லி மைத்துனர் சொல்கிறார். ஆகஸ்ட் 12-க்குள் பணம் வந்தால் அந்த ஒரு லட்சத்தை மறந்துவிடுகிறேன். வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. அப்போது கிண்டியிலிருந்து இங்கே வர வேண்டியது நீங்கள். சேரன் தினமும் உண்டு.

அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுங்கள் என்று கேட்க மாட்டேன். பிள்ளை குட்டிக்காரராக இருக்கலாம். அவர் எனக்கு ஒரு போன் போட்டு, புல் நின்றால் என்ன என்று கேட்டதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் போதும். சாயங்காலம் ஆறுக்கு மேல் பேசச் சொல்லுங்கள், அதுவரை பட்டறையில் சத்தமாக இருக்கும்.

தயவுசெய்து இந்த முறை மனிதர் யாராவது படித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்

பின்குறிப்பு: இணைப்பில் அம்மா பார்த்த ஜல்லிப் படமும் இருக்கிறது. அது பகிர்வுக்காக அனுப்பியது அல்ல, சாட்சிக்காக அனுப்பியது. பூ அனுப்ப வேண்டாம்.