வராமல் இருந்தவர்களுக்கு நன்றி

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும், ஊரிலிருந்து கிளம்ப நினைத்து நின்றுவிட்ட உறவினர்களுக்கும்,

அம்மாவின் புற்றுநோய்க்கு ஆறாவது கீமோவும் போன மாதம் முடிந்தது. ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்களுக்கு நன்றி சொல்வதுதான் வழக்கம். நான் வராதவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டும் எட்டிப் பார்க்காமல் இருப்பது நம்மிடையே எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும். பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பழிக்குத் துணிந்துதான் நீங்கள் வராமல் இருந்தீர்கள்.

கீமோ 21 நாளுக்கு ஒரு முறை. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அவற்றில் கிருமியோடு முதலில் மோதுபவை நியூட்ரோபில்கள். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டியவை, இரண்டாம் சுற்றில் அம்மாவுக்கு 400 இருந்தன. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகிப் போகும் சளி, அந்த நிலையில் ஐ.சி.யு. வரைகூடக் கொண்டுபோய்விடலாம். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் நள்ளிரவானாலும் கிளம்பி வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு முறை கிளம்பினோம். "எனக்கு வெறும் தூசி அலர்ஜிதான்" என்று தும்மிக்கொண்டே ஒருவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டுப் போன மூன்றாம் நாள் அது. அவரால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

பிறகு ஓர் அறிவிப்பை அச்சடித்துக் கதவில் ஒட்டினேன். அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டே காலிங் பெல்லை அடித்தார்கள்.

வழி சொன்னவர் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. ஒரு நாள் காலையில் தெருமுனையில் நின்று போன் செய்தார். "பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. நான் உள்ளே வரமாட்டேன்." முந்தின நாள்தான் அந்தப் பையன் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்திருந்தான். கொப்புளம் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை தொற்றும். சம்பளம் போய்விடுமோ என்று பயந்து அவர் மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? உடனே சொன்னதால் டாக்டர் முன்னெச்சரிக்கையாக மாத்திரை கொடுத்தார். 21 நாள் காலண்டரில் ஒவ்வொன்றாக அடித்தோம். ஒன்றும் வரவில்லை.

அதே அக்காதான் சொன்னார்: "உங்கள் நோட்டீசை யார் படிப்பார்கள்? எங்கள் வாசலில் வேப்பிலை கட்டியதும் பால்காரரே எட்டி நின்றுவிட்டார்." வாட்ச்மேன் அண்ணன் ஒரு கொத்து ஒடித்து வந்து கட்டினார். மறுநாளிலிருந்து மணி அடிக்கவில்லை. நாங்கள் பொய் சொல்லவில்லை. இலை கட்டினோம், அவ்வளவுதான். "மாரியாத்தாளையே வாட்ச்மேன் ஆக்கிவிட்டாயே" என்று அம்மா சிரித்தார். அந்தச் சுற்றில் அவர் சிரித்தது அன்று ஒரு முறைதான்.

கும்பகோணத்து அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரவெல்லாம் உழவன் எக்ஸ்பிரஸில் வந்து, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்து வாசல் வரை வந்துவிட்டார். கேட்டருகே ஒரு தும்மல் வந்தது. அத்தோடு நின்றுவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் போனை வைத்துக்கொண்டு மாடியை நிமிர்ந்து பார்த்துப் பேசினார். அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்து நின்றார். இருவருக்கும் நடுவே இருபதடிதான் இருக்கும். முறுக்கு டப்பாவை என்னிடம் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். அன்றிரவே ஊர் திரும்பினார்.

தங்கை குரோம்பேட்டையில்தான் இருக்கிறாள். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தில் வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி இருக்கிறது. அது சில வாரம் மலத்தில் வெளியேறும் என்பதால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவள் வராமலே இருந்தாள். பேத்தி முதன்முதலாகக் குப்புற விழுந்ததை அம்மா வீடியோவில்தான் பார்த்தார். தங்கைக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

இன்னும் மூன்று மாதம் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு எல்லோரும் வாருங்கள். அத்தைக்கு டிக்கெட் நானே எடுத்து அனுப்புகிறேன். நாற்காலி இந்த முறை மாடியில், அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் போடப்படும்.