பேச்சே இல்லாத ஆட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இளைஞர்களின் பொழுதுபோக்கு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தது சரிதானா என்ற சந்தேகத்தில்தான் இரண்டாவது முறை படித்தேன். மந்திரமும் டிராகனுமாகப் படம் போட்ட சீட்டுகளை வைத்து ஆடும் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டத்தை, 'பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், படச்சீட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும் நவீனச் சூது' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு படம் வேறு. ஸ்பேட் ஆஸ், பக்கத்தில் நாலைந்து நூறு ரூபாய் நோட்டு. மேஜிக் ஆடும் மேசையில் ஸ்பேடும் கிடையாது, ரூபாய் நோட்டும் கிடையாது.

இருபத்திரண்டு வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொளத்தூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். என் மகன் கல்லூரியில் இருந்து 'மேஜிக்: தி கேதரிங்' கட்டோடு வீட்டுக்கு வந்தபோது நானும் திட்டினேன். அப்புறம், இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1993-ல் இது வெளிவந்தது என்று அவன் சொன்னதும், சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஹாலில் நான்கு பேர் ஆடுகிறோம். நான், என் மகன், அவன் நண்பர்கள் இரண்டு பேர். ஆடுவது கமாண்டர் முறை. ஆளுக்கு 100 சீட்டு. மற்ற சீட்டுகளை இறக்கச் சக்தி தரும் அடிப்படை நிலச்சீட்டுகளைத் தவிர எதுவும் இரண்டு முறை வரக் கூடாது. அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்ப்புள்ளி ஆளுக்கு 40-ல் தொடங்கி, கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் ஜெயிக்கிறார்.

பேச்சே இல்லை என்றீர்களே, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மகனின் நண்பன் ஒருவன் பெரிய டிராகன் சீட்டை இறக்கிவிட்டான். அதை ஒழிக்க என் கையில் ஒரே ஒரு சீட்டு, ஸ்வார்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ். இரண்டு பேர் ஆட்டமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். என் சீட்டு ஒன்று, அவன் சீட்டு ஒன்று, கணக்கு நேர். நான்கு பேர் ஆடும்போது அந்தக் கணக்கு நேராகாது. எனக்கு ஒரு சீட்டு போகிறது, டிராகன்காரனுக்கு ஒன்று போகிறது, மற்ற இரண்டு பேரும் கையில் எதுவும் குறையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். டிராகன் ஒழிந்த நிம்மதி அவர்களுக்கு, செலவு எனக்கு. ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

"தம்பி, அது யார் பக்கம் வரப்போகுது?" என்றேன்.

"ரெண்டு சுற்று உங்க பக்கம் வராது ஆன்ட்டி. நீங்களும் அதைத் தொடாதீங்க."

"நம்பாதம்மா," என்றான் என் மகன்.

நான் நம்பினேன். இரண்டு சுற்றும் அந்தப் பையன் வாக்குத் தவறவில்லை. அடியெல்லாம் என் மகனுக்குத்தான். மூன்றாவது சுற்றில் டிராகன் என் பக்கம் திரும்பியதும் சீட்டைப் போட்டேன். டிராகனின் பலம் 6, அதற்கு ஈடாக அவனுக்கு ஆறு உயிர்ப்புள்ளி கூடியது. அது அந்தச் சீட்டின் விதி. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று ஆட்ட விதிகளில் எங்கேயும் இல்லை. காப்பாற்றாதவனோடு அடுத்த ஞாயிறு யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். முதலிலேயே பலத்தைக் காட்டிவிட்டால் மூன்று பேரும் சேர்ந்து அடிப்பார்கள் என்பதால் நல்ல கை வந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. தோற்கப்போகிறவர் கடைசி அடியை யார் மேல் போடுகிறார் என்பதில்கூட ஆட்டம் மாறிவிடும். எங்கள் கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று மேலே வந்து சொல்லிவிட்டுப் போகிறார். நீங்களோ ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எழுதுகிறீர்கள்.

சூது என்ற வார்த்தைக்கு வருகிறேன். மேஜிக் போட்டிகளில் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவதைப் போட்டி விதிகளே தடை செய்கின்றன. காசோ பரிசோ காட்டி முடிவைப் பேசி வைப்பதும் அந்த விதிகளின்படி குற்றம். உள்ளே என்ன சீட்டு இருக்கும் என்று தெரியாமல் பாக்கெட் வாங்குவதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் எங்கள் வீட்டில் வேண்டிய சீட்டை மட்டும் தனித்தனியாக வாங்குகிறோம். ரம்மியே பெரும்பாலும் திறமையை நம்பிய ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜ் ஆட்டத்தில் தங்கம் வாங்கினார்கள். அதுவும் சீட்டுதான் ஐயா. அன்றைக்கு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அந்தச் செய்தியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். செஸ்ஸுக்கு நீங்கள் முழுப் பக்கம் ஒதுக்கும்போது எனக்கும் பெருமைதான். அதில் நாலு வரி இந்தப் பக்கம் வந்தால் என்ன?

இந்தக் கோபம் இன்று நேற்று வந்ததல்ல. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கல்யாண மண்டபத்தில் விடிய விடியச் சீட்டுக்கச்சேரி நடக்கும். அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று, விழுந்த சீட்டையெல்லாம் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். அடுத்து எதைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். "பொம்பளப் பிள்ளைக்குச் சீட்டா?" என்று பெரியப்பா என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டார். நாற்பது வருடம் கழித்துத்தான் எனக்கு ஒரு மேசையில் இடம் கிடைத்தது. போன வருடம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொது அறையை ஒரு மதியத்துக்குக் கேட்டோம். 'சீட்டு' என்ற வார்த்தையைக் கேட்டதுமே இல்லை என்றுவிட்டார்கள். இப்போது உங்கள் கட்டுரையை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பேட் ஆஸ் படத்தோடு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் படம் இந்த ஆட்டத்துடையது அல்ல என்று அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். சரியான படத்துக்கு நீங்கள் அலைய வேண்டாம். எங்கள் மேசையை என் மகன் எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். டிராகன் இடது ஓரத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்,
கொளத்தூர், சென்னை - 99