டெஸ்ட் டிரைவுக்குப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், வீட்டுக் கடனும் முடிந்தது, இனி மனசுக்குப் பிடித்த ஒரு வண்டி வாங்கியே தீருவேன் என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். கல்லூரி நாட்களில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற கார்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டவன் அல்லவா நீ! இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போவதாக இல்லை. கிளட்ச் மிதிக்கிற வண்டிக்கு விடை கொடுத்தாகிவிட்டது. பையன் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். சாலையில் ஒரு குழியையும் மிச்சம் வைப்பதில்லை. சஸ்பென்ஷனைப் பற்றி, அதாவது சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் அடியை வாங்கும் அமைப்பைப் பற்றி, உனக்கு எழுத இப்போது எனக்குக் கூடுதல் தகுதி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஸ்போர்ட்டி செடான்களைப் பார்த்து வைத்திருக்கிறாய், ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறாய். குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை விநாடி என்பதெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கும். அதற்காக ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டி உன்னை எப்படி வைத்துக்கொள்கிறது, வளைவில் சொன்னபடி கேட்கிறதா என்ற இரண்டும்தான் எந்தத் தாளிலும் இருக்காது.

இந்த இரண்டுக்கும் ஆகவே ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கட்டையாக இருந்தால்தான் வளைவில் நிற்கும், மெத்தென்று இருந்தால் படகு மாதிரி ஆடும் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. ஸ்பிரிங்கின் வேலை அடியை வாங்கிக்கொள்வது. வாங்கிய பிறகு அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது டேம்பரின் வேலை, அதாவது நாம் ஷாக் அப்சார்பர் என்கிறோமே, அது. ஸ்பிரிங் மென்மையாக இருந்தாலும் டேம்பர் சரியாக அமைந்திருந்தால் வண்டி ஆடாது. லோட்டஸ் கார்கள் பல காலமாக அப்படித்தான் செய்யப்படுகின்றன. வளைவில் கொஞ்சம் சாயும், ஆனால் அவற்றின் கையாளுமையை, அதாவது ஓட்டுபவர் சொன்னபடி திரும்பும் குணத்தை, குறை சொன்னவர்கள் அதிகமில்லை. அதனால் உட்கார்ந்த உடனே இடுப்பில் கட்டையாகப் பட்டால், 'ஆகா, ஸ்போர்ட்டி' என்று மயங்கிவிடாதே. ஸ்பிரிங்கை இறுக்குவது யாருக்கும் எளிது. இறுக்காமலே அடக்குவதில்தான் பொறியாளரின் கைத்திறன் இருக்கிறது.

சாவியை வாங்கும் முன் டயரைப் பார். தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்து அனுப்புவது வழக்கம். ஷோரூமில் அதைக் குறைக்க வேண்டும், சில சமயம் மறந்துவிடுவார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போதே அளந்து பார்க்கச் சொல். 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 40 இருந்தால், நீ ஓட்டிப் பார்ப்பது சஸ்பென்ஷனை அல்ல, காற்றை.

அடுத்தது டயர் அளவு. நீ சொன்ன இரண்டில் ஒன்றுக்கு 17 அங்குல ரிம்மும் வருகிறது, 19 அங்குலமும் வருகிறது என்று எழுதியிருந்தாய். 225/50 ஆர் 17 என்றால் டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 50 சதவீதம், அதாவது சுமார் 112 மி.மீ. அதே வண்டிக்கு 225/40 ஆர் 19 போட்டால் 40 சதவீதம், 90 மி.மீ. ரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போய், அந்த இடத்துக்கு உலோகம் வந்துவிடுகிறது. பெரிய ரிம் பெரும்பாலும் கனமும் கூட. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை ஏறினால் சக்கரம் பள்ளத்தை விட்டு எழுந்து வரத் திணறும். டெஸ்ட் டிரைவுக்கு நிறுத்தியிருப்பது அநேகமாக எல்லாம் போட்ட உயர்ந்த மாடலாக இருக்கும், பெரிய ரிம்மோடு. நீ வாங்கப் போவது சின்ன ரிம் என்றால் அதே டயர் போட்ட வண்டியைக் கேள். இல்லை என்றால் வேறு கிளையில் விசாரிக்கச் சொல். விட்டுக்கொடுக்காதே. பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயரா என்பதையும் கேட்டுக்கொள். காற்றில்லாமலே எடையைத் தாங்க வேண்டும் என்பதால் அதன் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். 2005இல் வந்த பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் அந்த டயர்களால் குலுக்குகிறது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். சாதாரண டயர் மாற்றியவர்களுக்கு அதே வண்டி மென்மையாகிவிட்டது.

விற்பனையாளர் உன்னை நல்ல நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போவார். அகலமான, வழுவழுப்பான சாலை. 'மிதியுங்கள் சார், பிக்கப்பைப் பாருங்கள்' என்பார். அங்கே எந்த வண்டியும் நல்ல வண்டிதான். நீ தினமும் போகும் சாலைக்குப் போ. தோண்டி மூடியது, ஒட்டுப் போட்டது, விளிம்பு உடைந்தது எல்லாம் இருக்கிற ஒரு துண்டு போதும். பாட்டை நிறுத்து, ஏ.சி. விசிறியையும் குறை. அவரையும் கொஞ்ச நேரம் பேசாமல் வரச் சொல், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் துண்டில் போ. ஸ்போர்ட்டி வண்டிகள் மாட்டிக்கொள்வது இந்த வேகத்தில்தான். வேகமாகப் போகும்போது பல வண்டிகள் சமாளித்துவிடும். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு ஒட்டையும் எண்ணிச் சொல்லும். இரண்டு வகை உணர்வைப் பிரித்துப் பார். வண்டி முழுதும் மேலே போய்க் கீழே வருவது ஒன்று. வசதியான செடானில் அது விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை என்ற கணக்கில் நடக்கும், விறைப்பான வண்டியில் இரண்டை நெருங்கும். அது உடம்பை அவ்வளவாக வருத்தாது. கூர்மையான விளிம்பில் ஏறும்போது வருகிற படபடப்பு வேறு. மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 8 முறை அதிர்வதைத்தான் மனித உடம்பு அதிகமாக உணர்கிறது. ஸ்டியரிங்கில் நடுக்கம், இருக்கையில் குறுகுறுப்பு, டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிறீச். அரை மணி நேரத்தில் ஆளைச் சோர்ந்துபோக வைப்பது அதுதான்.

காது நம்மை ஏமாற்றும் என்பதையும் நினைவில் வை. பள்ளத்தில் விழுந்ததும் 'டம்' என்று சத்தம் கேட்டால் இடுப்பில் அடி விழுந்ததாகவே மனசு எடுத்துக்கொள்ளும். அதே அடி 'தொம்' என்று அமுங்கி வந்தால் பரவாயில்லை என்று தோன்றும். அதே பள்ளத்தில் இரண்டாவது முறை போகும்போது சத்தத்தை விட்டுவிட்டு இருக்கையில் என்ன படுகிறது என்று மட்டும் கவனி.

அப்புறம் நான் மிகவும் நம்புகிற ஒரு சோதனை. ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் பள்ளத்தில் இறக்கு, மறுபக்கம் சமமான தரையில் இருக்கட்டும். உன் தலையைக் கவனி. வளைவில் சாயாமல் இருப்பதற்காக இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு இரும்புத் தண்டால் இணைத்திருப்பார்கள், ஆன்டி-ரோல் பார் என்று பெயர். தண்டு தடியாக இருந்தால் ஒரு சக்கரம் வாங்கிய அடி மறுபக்கத்துக்கும் போகும். வண்டி பக்கவாட்டில் வெட்டும், தலை ஜன்னல் பக்கம் ஒரு முறை, நடுப்பக்கம் ஒரு முறை என்று சொடுக்கும். சாய்வைத் தண்டை மட்டும் நம்பிக் குறைத்த வண்டி இந்த இடத்தில் தப்பவே முடியாது. கழுத்து வலிக்காரன் நீ, இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதே.

இதெல்லாம் முடிந்த பிறகு நெடுஞ்சாலைக்குப் போ. பாலத்தில் ஏறி இறங்கும் இடம், அலையலையாக இருக்கும் இடம் இரண்டும் வேண்டும். மேட்டைத் தாண்டி வண்டி கீழே வந்ததும் ஒரே அசைவில் அமர்ந்துவிட வேண்டும். அமர்ந்து, மறுபடி எழுந்து, மறுபடி அமர்ந்தால் டேம்பர் போதவில்லை. மூக்கும் பின்பக்கமும் மாறி மாறி ஆடுகிறதா என்றும் பார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் 2.8 மீட்டர் இடைவெளி உள்ள வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் பத்தில் ஒரு விநாடி கழித்து ஏறுகிறது. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மோரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930களிலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடும்படி ஸ்பிரிங்கை வைத்தால், தாமதமாகக் கிளம்பிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும்; வண்டி மட்டமாக ஏறி மட்டமாக இறங்கும். நல்ல செடானில் இதை நீயே உணரலாம்.

கையாளுமைக்கு வேகம் தேவையில்லை. நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை விரல்களால் லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு துளி திருப்பு. வண்டி உடனே, ஆனால் துள்ளாமல், அந்தத் துளிக்கு மட்டும் திரும்ப வேண்டும். முதல் சில டிகிரிக்கு ஒன்றும் நடக்காமல் திடீரென்று பாய்ந்தால் நீண்ட பயணத்தில் சலிப்பாகிவிடும். ஸ்போர்ட் மோடில் போட்டதும் ஸ்டியரிங் கனக்கும், அதைப் பார்த்து அசந்துவிடாதே. ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் எலெக்ட்ரிக் மோட்டார் தன் உதவியைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். டயருக்கும் சாலைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்ற சேதி கைக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. பிடிமானம் குறையத் தொடங்கும்போது ஸ்டியரிங் லேசாவது தெரிந்தால் நல்ல வண்டி.

பிறகு ஒரு நீண்ட வளைவில், அனுமதித்த வேகத்துக்குள்ளேயே, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்துப் போ. எவ்வளவு சாய்கிறது என்பதைவிட எவ்வளவு சட்டென்று சாய்கிறது என்பதைப் பார். மெல்லச் சாய்ந்து ஓரிடத்தில் நின்றுகொண்டால் பயமில்லை. சாய்வு குறைவு என்றால் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகவில்லை என்று அர்த்தமில்லை. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது புவியீர்ப்பு மையத்தின் உயரமும் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியும்தான். உயரமான எஸ்.யூ.வி.யை விட்டுச் செடானுக்கு நீ ஆசைப்படுவது சரியான ஆசை என்று இதனால்தான் சொல்கிறேன்.

அந்த வளைவின் நடுவில் ஒரு ஒட்டோ பள்ளமோ இருந்தால் உன் அதிர்ஷ்டம். சொகுசும் கையாளுமையும் ஒரே நேரத்தில் பரீட்சை எழுதும் இடம் அது. நன்றாக அமைந்த வண்டி அடியை வாங்கிக்கொண்டு அதே கோட்டில் போகும். வெறும் கட்டையான வண்டி ஒரு அடி வெளியே துள்ளும், நீ ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டியிருக்கும். சாலையை விட்டு எழும்பிய டயருக்குப் பிடி ஏது? எனக்கு மட்டும் ஒரே ஒரு சோதனைதான் அனுமதி என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்வேன்.

பிரேக்கைப் பற்றி அதிகம் இல்லை. மிதிக்க மிதிக்க சீராகப் பிடிக்கிறதா, மூக்கு ரொம்பவும் குத்துகிறதா என்று பார்த்தால் போதும்.

உன் இரண்டாவது வண்டியில் தானாக இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் டேம்பர் வருகிறது என்றாய். நல்ல சமாச்சாரம். காந்தப்புலம் பட்டதும் கெட்டியாகும் திரவத்தை வைத்து அப்படி ஒரு டேம்பரை 2002இலேயே கேடிலாக் காரில் போட்டார்கள். இன்று பல நிறுவனங்கள் வால்வை மாற்றியும் அதைச் செய்கின்றன. ஆனால் நீ வாங்கும் மாடலிலும் அது உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள். மோசமான துண்டில் கம்ஃபர்ட் மோடையும், வளைவில் கம்ஃபர்ட், ஸ்போர்ட் இரண்டு மோடையும் போட்டுப் பார். கம்ஃபர்ட்டில் வளைவும் திருப்தியாக இருந்தால் ஸ்போர்ட் பொத்தானை நீ மறந்தே போவாய். அதில் தவறொன்றும் இல்லை.

கடைசியாக, வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போ. நீயும் விற்பனையாளரும் மட்டும் போனால் பின்ஸ்பிரிங்கில் எடையே இருக்காது. நான்கு பேர் ஏறிய பிறகு அதே வேகத்தடையில் பின்பக்கம் தட்டுகிறதா என்பதுதான் உனக்குத் தேவை. சிறிது நேரம் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு நீ பின்னால் உட்கார். பின்னிருக்கை பின்சக்கரத்துக்கு மிக அருகில் இருப்பதால் முன்னால் தெரியாத அடி அங்கே தெரியும். உன் மனைவிக்கு வண்டியில் குமட்டும் என்பது எனக்கும் தெரியும். அதற்குக் காரணம் கட்டையான வண்டி அல்ல, பெரும்பாலும் ஐந்து விநாடிக்கு ஒரு முறை என்கிற மாதிரி மெதுவாக வரும் ஆட்டமும், அடிக்கடி விட்டு விட்டுப் பிடிக்கிற பிரேக்கும்தான். எனவே குமட்டல் வந்தால் வண்டியை மட்டும் குற்றம் சொல்லாதே, ஓட்டுபவரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

இரண்டு வண்டிகளையும் முடிந்தால் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டு. உடம்பின் ஞாபகம் ஒரு வாரம் தாங்காது. ஓட்டி முடித்ததும் இரண்டு வண்டிகளின் டயர் பக்கச்சுவரையும் கதவில் உள்ள ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மற்றதைப் போனில் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்